பார்க்காமல் வரைந்த சிங்கம்: ஒரு மட்டக்களப்பு ஓவியனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் வைத்தால் ஆட்கள் வருவார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். முப்பது வருடமாக அநேகமாக இதே கேள்விகள்தான். வாயால் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடுகிறேன். அதனால் ஒரு தரம் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். காரமானவற்றில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

நீங்கள் எந்தப் பக்கம்?

வேறு ஊரில் இது அரசியல் கேள்வி. மட்டக்களப்பில் வெறும் ஊர்க் கேள்வி. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருப்பது எழுவான்கரை, சூரியன் எழும் கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. நான் படுவான்கரையான், 1966இல் பிறந்தவன். சின்ன வயதில் பட்டணத்துக்கு வருவதென்றால் 'பாதை'யில் ஏற வேண்டும். வெளியூராருக்குச் சொல்கிறேன்: இங்கே பாதை என்றால் வீதி அல்ல. ஆளையும் சைக்கிளையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. மண்முனைக்குப் பாலம் வந்தது 2014இல்தான்.

எழுவான்கரையில் என்னைக் 'காட்டான்' என்றார்கள். எங்கள் ஊரில் அவர்களை 'சந்தியில் நின்றே சாகிறவர்கள்' என்றோம். ஒரே மொழி, ஒரே சாமி, கொடுத்து எடுத்த சொந்தம். நடுவில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். இனப்பிரச்சினை பற்றி ஆராய வருகிறவர்களை நான் முதலில் இந்தத் தண்ணீர் ஓரமாகத்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

பிறகு, 1990களின் நடுவிலிருந்து 2007 வரை, அதே கேள்விக்கு வேறு அர்த்தம் வந்தது. அந்தக் கரையில் ஒரு ஆட்சி, இந்தக் கரையில் ஒரு ஆட்சி. என் பெயின்ட் பெட்டியை இரண்டு கரையிலும் திறந்து பார்த்தார்கள். ஒரு கரையில் சிவப்பு டின்னைக் கவிழ்த்து ஊற்றிப் பார்த்தார்கள். எந்தக் கரை என்று கேட்க வேண்டாம். மற்றக் கரையில் தின்னர் போத்தலை வைத்துக்கொண்டார்கள்.

மட்டக்களப்பார் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்களாமே?

யாழ்ப்பாணத்தில் நான் குடித்த தேத்தண்ணியைவிட இந்தக் கேள்வி கூட. தெரியாதவர்களுக்கு: மட்டக்களப்புக்குப் போகிறவனுக்கு அங்குள்ள பெண்கள் மந்திரமோ மருந்தோ செய்து, இருந்த பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள், ஆள் திரும்பி வரமாட்டான் என்பது பழைய கதை. சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். கலியாணப் பேச்சு நடக்கும்போது மட்டும் அந்தச் சிரிப்பு இருக்காது.

எனக்குத் தெரிந்த விளக்கம் இது. இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி என்பது தாய்வழி. வீடு மகளுக்கு. கட்டியவன் பெண் வீட்டில் வந்து இருப்பான். உத்தியோகத்துக்கோ வியாபாரத்துக்கோ வந்தவன் இங்கே கட்டினால் வீடு, வளவு, வயல் எல்லாம் பெண் பக்கம். சீதன வீடு யாழ்ப்பாணத்திலும் உண்டுதான், ஆனால் அது தாய் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இது இருநூறு மைல். மறுகா அவன் ஏன் திரும்புகிறான்? திரும்பாத மகனைப் பற்றி ஊரார் கேட்டால் தாய் என்ன சொல்வாள்? அவனுக்கு அங்கே பிடித்துவிட்டது என்றா? மந்திரம் என்று சொன்னால் மானம் மிஞ்சும்.

நாங்களும் சும்மா இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தாரை 'பனங்கொட்டை' என்று நானும் கூப்பிட்டிருக்கிறேன், அதுவும் ஒரு நல்ல மனிதரை, அவர் காது கேட்க.

பிறகு ஒரு பாயை வரைந்தேன். பன்புல்லில் இழைத்த பாய், வெறும் பாய், அதில் ஆள் இல்லை. யாழ்ப்பாணத்தில் வைத்தபோது அதற்கு முன்னால்தான் கூட்டம். வாங்கியவரும் யாழ்ப்பாணத்தார்தான்.

ஓவியம் எங்கே படித்தீர்கள்?

சைன்போட் கடையில். 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி எங்கள் கூரையையும் அப்பாவின் தென்னைகளையும் எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு வீட்டில் காசு நிமிரவே இல்லை. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு 1983இல் பட்டணத்தில் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவினேன். பிறகு நூல் போட விட்டார்கள். நூலில் வெண்கட்டித் தூளைத் தடவி, பலகையில் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து நடுவில் தூக்கி விட்டால் 'டப்' என்று ஒரு நேர்கோடு விழும். எழுத்து அந்தக் கோட்டில் உட்கார வேண்டும்.

மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். அவருடைய பாடம் ஒன்றுதான்: சாமானை மூன்று தரம் பார், பலகையை ஒரு தரம் பார். கோழிக்கடைக்குச் சேவல் வரைவதென்றால் பின் வளவில் நிற்கிற சேவலைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். 'சேவல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் மாஸ்டர்' என்று ஒருநாள் சொன்னேன். 'அதுதானடா பிழை' என்றார்.

மூன்று மொழிப் பலகையில் ஒரு கஷ்டம் உண்டு, அது பலருக்குத் தெரியாது. மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம், மூன்றுக்கும் ஒரே நீளம். சிங்களத்தில் 'ரோஹல' என்றால் மூன்று எழுத்து. எங்களுக்கு 'வைத்தியசாலை', ஆறு எழுத்து. அதனால் தமிழ் எப்போதும் நெருங்கிச் சிறுத்துப் போகும். வீதியில் போகிறவர் பார்த்துவிட்டு, தமிழைச் சின்னதாக எழுதிவிட்டார்கள் என்பார். சில இடத்தில் அது வேண்டுமென்று செய்ததாகவும் இருக்கும். சில இடத்தில் வெறும் கணக்கு. நான் எழுதிய பலகைகளில் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கொஞ்சம் இறக்கி, தமிழுக்கு ஒரு அங்குலம் உயரம் களவெடுத்துக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு காலம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

1996இல் சித்திர ஆசிரியர் வேலை கிடைத்தது. கடைகளும் டிஜிட்டல் பிரின்ட் வந்து ஒவ்வொன்றாகப் போயின. கன்வஸில் வரையத் தொடங்கியது அதன் பிறகுதான்.

நீங்கள் இரண்டு பக்கத்துக்கும் வரைந்து கொடுத்தீர்களாமே?

ஓம்.

ஒவ்வொரு பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தினத்துக்கும் முன்னால் கடைக்குத் தேசியக் கொடி வேலை வரும். பாடசாலைச் சுவர், வரவேற்பு வளைவு, இப்படி. மெரூன் நிலத்தில் வாள் ஏந்திய மஞ்சள் சிங்கம், அதன் நான்கு மூலையிலும் அரசிலை. கம்பத்தின் பக்கமாகப் பச்சைப் பட்டை ஒன்று, செம்மஞ்சள் பட்டை ஒன்று. பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. கடையில் என் வயதில் காத்தான்குடிப் பெடியன் ஒருவன் இருந்தான். 'உன்ட கோட்டை நீ அடி, என்ட கோட்டை நான் அடிக்கிறன்' என்று பங்கு பிரித்துக்கொள்வோம். சிங்கம் மாஸ்டருக்கு. பிறகு அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் சிங்கம் என்னிடம் வந்தது.

பிற்காலத்தில் அந்தக் கரையில் இன்னொரு மிருகத்தை வரையச் சொன்னார்கள். சொன்னார்கள் என்றால் கேட்டார்கள் என்று அர்த்தமில்லை. வரைந்தேன்.

இரண்டையும் நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது. இந்தத் தீவின் காட்டில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. இருப்பது சிறுத்தை, கரடி, யானை. மாஸ்டரின் பாடத்தை மீறி நான் ஆகக் கூடுதலாக வரைந்த மிருகங்கள் இவை இரண்டும்தான். ஒன்றைப் பழைய கொடியைப் பார்த்து அடித்தேன், மற்றதைக் கலண்டரைப் பார்த்து. என் சிங்கத்துக்கு எங்கள் வீட்டு நாயின் முகம் இருக்கிறது என்று ஒரு அதிபர் கண்டுபிடித்தார். உண்மைதான், எனக்குத் தெரிந்த முகம் அதுதானே. புலியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காலமும் இல்லை அது.

படுவான்கரையில் யானையைப் பார்க்காத பிள்ளை கிடையாது. வயலுக்குள் இறங்கும், நெல் வாசத்துக்கு வீட்டுச் சுவரை உடைக்கும், ஆளைக் கொல்லும். அதை யாரும் கொடியில் வரை என்று என்னிடம் கேட்டதில்லை. (கட்சிச் சின்னமாக வரையச் சொன்னார்கள், அது வேறு கதை.) தெரிந்த மிருகத்தைக் கொடியில் வைக்கமாட்டார்கள் போல. அதன் குணம் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே.

அப்படியென்றால் உங்களுக்கு நாட்டுப்பற்று இல்லையா?

இது பெரும்பாலும் கொழும்பில் வரும் கேள்வி. வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் ஆட்களும் கேட்பார்கள், ஆனால் வேறு நாட்டைப் பற்றி. இரண்டு பேரும் பதிலை வீட்டிலேயே எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள்.

நான் ஒரு கலைஞனின் கதையைச் சொல்வேன். ஆனந்த சமரக்கோன் என்ற சிங்களக் கலைஞர், சாந்திநிகேதனில் படித்தவர், 1940இல் 'நமோ நமோ மாதா' என்று ஒரு பாட்டு எழுதினார். 1951இல் அது தேசிய கீதமானது. அதற்குப் பிறகு ஒரு பிரதமர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார், இன்னொருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பாட்டின் முதல் எழுத்துகள் ராசி இல்லாதவை, அதனால்தான் இதெல்லாம் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. 1961இல் முதல் வரியை மாற்றினார்கள். எழுதியவரின் சம்மதம் இல்லாமல். அவர் அதை எதிர்த்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அடுத்த வருடம் இறந்துபோனார். இயற்கையான சாவு அல்ல.

நாட்டைப் பற்றி அவரைவிட நன்றாக யார் பாடினார்கள்? அவரையே நாட்டின் நன்மைக்காகத் திருத்தினார்கள். என்னிடம் நாட்டுப்பற்று இருக்கிறதா என்று அளந்து பார்க்க வருகிறவர் கையில் இருக்கும் அடிமட்டத்தை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கீதத்தின் தமிழ் வடிவம் பண்டிதர் நல்லதம்பியுடையது. எங்கள் பள்ளிக்கூடங்களில் நாங்கள் தமிழில்தான் பாடினோம். தலைநகரத்துச் சுதந்திர தின விழாவில் 1949க்குப் பிறகு தமிழில் பாடப்பட்டது 2016இல். வீட்டில் தொலைக்காட்சியில் கேட்டோம். 'இதுக்கா இவ்வளவு காலம்?' என்றாள் என் மனைவி. 2020இல் திரும்பவும் சிங்களத்தில் மட்டும் பாடினார்கள். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள்.

சரி, எனக்கு என்ன பற்று? மாரிப் போக வயலின் பச்சை ஒன்று இருக்கிறது. விதைத்து இருபது நாளில் ஒன்று, கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்தில் வேறொன்று. டியூப்பில் வருகிற எந்தப் பச்சையும் அதற்குச் சரிவராது. மஞ்சளும் நீலமும் கலந்து, கடைசியில் ஒரு துளி செம்மண் நிறம் சேர்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு வருடம் போனது. வேறு நாட்டு வயலுக்கு இந்தக் கலவை உதவாது. இதைப் பற்று என்று எழுதிக்கொள்வதென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தார்கள் என்கிறார்களே, அதை வரைவீர்களா?

கேட்டிருக்கிறார்கள். ஒற்றுமைச் சுவர் ஒன்றுக்கு, பிட்டும் தேங்காய்ப்பூவும் பெரிதாக வரைந்து தரச் சொல்லி. நான் மாட்டேன் என்றேன். பிட்டு எனக்குப் பிடிக்கும். அந்த வசனம் அலுத்துவிட்டது. மேடையில் அதைச் சொன்னவுடன் எல்லோரும் கைதட்டுவார்கள், பிறகு அதற்கு மேல் யாரும் ஒன்றும் பேச வேண்டியதில்லை.

1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த கிழமை ஏறாவூர். செப்டம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழர்கள், பிள்ளைகளும் கிழவிகளும் சேர்த்து. நாற்பது நாள்கூட ஆகவில்லை. மூன்று இடமும் ஒரே நெடுஞ்சாலையில், ஒரு பகலில் சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில்.

பச்சைக் கோடு அடித்த பெடியன் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. கடையும் பூட்டிக் கிடந்தது. எட்டு வருடம் கழித்து பஸ் நிலையத்தில் கண்டேன். தாடி வைத்திருந்தான், கொஞ்சம் பருத்திருந்தான். பெயின்ட் விலை ஏறியதைப் பற்றிப் பேசினோம். மாஸ்டர் செத்ததைப் பற்றிப் பேசினோம். அவனுடைய மச்சான் எப்படி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். என் சித்தி குடும்பம் எப்படி என்று அவனும் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டான். பிறகும் இரண்டு மூன்று தரம் கண்டிருக்கிறேன். பெயின்ட் விலைதான் பேசுகிறோம்.

ஒற்றுமை என்று வரையச் சொன்னால் எனக்கு அந்த பஸ் நிலையம்தான் வருகிறது. அதைச் சுவரில் போட யாரும் காசு தரமாட்டார்கள்.

உங்கள் படங்களில் ஏன் இவ்வளவு கதவுகள்?

2004 டிசம்பர் 26. கல்லடி, நாவலடிப் பக்கம் கடல் வீடுகளைத் துடைத்தெடுத்தது. தெற்கே அம்பாறைக் கரை இன்னும் மோசம், அந்த மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். உயிர்கள் போனதை எல்லோரும் எழுதினார்கள். படங்கள் போனதை அவ்வளவாக யாரும் எழுதவில்லை. அலுமாரியோடு, அல்பத்தோடு, சுவரில் மாட்டிய சட்டத்தோடு. பிள்ளையும் இல்லை, பிள்ளையின் படமும் இல்லை.

ஜனவரி நடுவில் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். நான் ஆசிரியன், படம் வரைவேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 'வாயால் சொல்றன், வரைவீங்களா?' என்றார். பார்க்காமல் வரையக்கூடாது என்று படித்தவன் நான். மறுக்க வாய் வரவில்லை. அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். நெற்றியில் இடப்பக்கம் சுழி. சிரித்தால் ஒரு பல் மற்றதின் மேல் ஏறி நிற்கும். காது தகப்பனுடைய காது, தகப்பனும் இல்லை. நான் வரைவேன், அவர் இல்லை என்பார், அழிப்பேன். மூன்று நாள். மூன்றாம் நாள் பின்னேரம் அவர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'இது அவன் இல்லை. ஆனா இருக்கட்டும்' என்று வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நிறையப் பேர் வந்தார்கள். இருபத்தேழு முகம் வரைந்தேன். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் தகப்பன் வந்தார். இரண்டு மகள்களை இழந்தவர். நான் பென்சிலைச் சீவிக்கொண்டே, 'மூத்தவளை முதலில் சொல்லுங்கள் காக்கா' என்றேன். 'முகம் வேண்டாம் தம்பி' என்றார். எனக்கு உடனே உள்ளுக்குள் ஒரு எரிச்சல் வந்தது. மார்க்கத்தில் உருவம் வரையக்கூடாது, அதுதான், இந்த நேரத்திலுமா என்று. அவர் சொன்னார்: 'முகம் எனக்கிட்ட இருக்கு. வீட்டுக் கதவைத்தான் மறந்துக்கிட்டு வாறன்.' நீலக் கதவு. இரண்டு பலகை. அடியில் மூத்தவள் சின்ன வயதில் ஆணியால் கீறிய கோடுகள். வேலைவிட்டு வரும்போது அந்தக் கதவு பாதி திறந்திருக்குமாம், எப்போதும் பாதி.

எனக்கு வெட்கமாக இருந்தது. மனிதர் வாயைத் திறக்க முன்னமே, அவர் என்ன சொல்லப்போகிறார், ஏன் சொல்லப்போகிறார் என்று நானே வரைந்து முடித்துவிட்டேன். சேவல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்ற அதே கதைதான். கதவு சரியாக வந்தது. இருபத்தேழு முகத்திலும் வராதது அதில் வந்தது. அதிலிருந்து கதவு வரைகிறேன்.

போரை ஏன் நேராக வரையவில்லை?

வரைந்தேன். வாங்க ஆள் இருந்தது, அதுதான் சிக்கல். என்ன நிறம் எவ்வளவு போட்டால் எந்த ஊர்க் கண்காட்சியில் எடுபடும் என்று கை பழகிக்கொண்டது. ஒருநாள் முள்வேலி ஒன்றை அழகாக வரைந்துவிட்டு, அழகாக இருக்கிறதே என்று நானே நின்று ரசித்தேன். அத்தோடு நிறுத்தினேன்.

பறை அடிப்பவர்களை வரைந்ததற்கு உங்கள் சொந்தக்காரர்களே கோபித்தார்களாமே?

கோபம் இல்லை, கோபித்திருந்தால் பேசியிருக்கலாம். 'நல்லாத்தான் இருக்கு, ஆனா வீட்டில மாட்டேலாதே' என்றார்கள்.

கூத்து எங்கள் ஊரின் பெருமை. வடமோடி, தென்மோடி என்று அதன் இரண்டு வகையையும் வெளிநாட்டுக்காரருக்கும் சொல்லிக் கொடுப்போம். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்கும் படத்தை நான் வைத்தால் முதல் நாளே விற்றுவிடும். பறைமேளக் கூத்தை வைத்தால் எல்லோரும் நின்று பார்ப்பார்கள், விலை கேட்கமாட்டார்கள். இரண்டும் தோல் வாத்தியம்தான். கோயில் சடங்குக்குப் பறை வேண்டும், சாவுக்குப் பறை வேண்டும், வரவேற்பறைக்கு வேண்டாம்.

வெளியில் இருந்து வந்த ஒடுக்குமுறையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிற எங்கள் சபைகளில் இதைச் சொன்னால், 'இப்ப அதைக் கிளறாதீங்க' என்பார்கள். எப்போது கிளறலாம் என்று ஒரு திகதி கேட்டேன். இன்னும் தரவில்லை.

அந்தப் படத்தை, அதில் பறை அடிக்கிற பெரியவரின் மகனுக்கே கொடுத்தேன். அவனும் அதை மாட்டவில்லை. சாதியைப் படம் போட்டுக் காட்ட வேண்டுமா என்று கேட்டான். அது வேறு விதமான கேள்வி, எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

சிங்களவர்களைப் பற்றி உங்களுக்குத் தப்பெண்ணம் ஒன்றும் இல்லையா?

இல்லாமல்? அம்பாறை நகரத்தில் அரசாங்க அலுவலகம் ஒன்றின் வாசலில் ஒரு பலகை. தமிழில் புள்ளிகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. புள்ளி இல்லாத தமிழை வாசித்துப் பாருங்கள், உயிர் போன மாதிரி இருக்கும். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. சட்டத்தில் ஆனது பலகையில் ஆகவில்லையே என்று எரிந்துகொண்டு, எழுதியவரைத் தேடிப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன்.

ஒரு சின்னக் கொட்டில். என் வயது ஆள், காதில் பென்சில். எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அதைவிடக் குறை. புள்ளியைக் காட்டினேன். தூசி என்று நினைத்தாராம்! கொடுத்த கடுதாசி போட்டோப் பிரதி, அதில் நிறையத் தூசிப் புள்ளிகள், நல்ல பிள்ளையாகத் துப்புரவாக்கி எழுதியிருக்கிறார். பிறகு அவர் நான் எழுதிய சிங்களப் பலகை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் ஒரு படம் இருந்தது, பெருமையோடு நீட்டினேன். பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து இருமினார். ஒரு சுழியை எதிர்ப் பக்கமாகச் சுழித்திருக்கிறேன், பத்து வருடமாக.

இதை வைத்து எல்லாம் அறியாமைதான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கடுதாசியைக் கொடுத்த அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்க யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள், அதுதான் விஷயம். ஆனால் நான் தேடிப்போன எதிரி அந்தக் கொட்டிலில் இல்லை.

பத்தினித் தெய்வமும் கண்ணகியும் ஒன்றென்று வரைந்தீர்கள். அது அரசியலா?

பாணமைக்குப் போய்ப் பாருங்கள். அம்பாறை மாவட்டத்தின் தெற்கு மூலை. அங்கே சிங்களவர்கள் பத்தினிக்கு 'அங்கெலிய' என்று கொம்பு இழுப்பார்கள். எங்கள் கண்ணகி அம்மன் கோயில்களில் வடசேரி, தென்சேரி என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து கொம்பு விளையாடுவோம். இரண்டு கொம்பைக் கொளுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும் வரைக்கும் இழுப்பது. இரண்டு இடத்திலும் நின்று கோட்டுப்படம் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்தத் தாள் எந்த ஊர் என்று எனக்கே தெரியவில்லை, பின்பக்கம் குறித்தும் வைக்கவில்லை. அந்தக் குழப்பத்தைத்தான் படமாக்கினேன். இரண்டு பக்கத்திலும் ஆட்கள் வந்து, அந்தத் தெய்வம் முதலில் யாருடையது என்று எனக்குப் பாடம் எடுத்தார்கள். அவள் மதுரையை எரித்தவள். இவர்களிடம் அவளுக்கு என்ன பயம்?

ஏன் வெளிநாடு போகவில்லை?

இரண்டு தரம் விசா மறுத்தார்கள். அதற்குப் பிறகு கொள்கை என்று சொல்லத் தொடங்கினேன்.

என் பிள்ளை சித்திரம் படிக்க வேண்டும் என்கிறது. விடலாமா?

விடுங்கள். உயர்தரத்தில் சித்திரம் எடுக்கலாம். பிறகு கல்லடியிலேயே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. காரைதீவில் பிறந்து, யாழ் என்ற வாத்தியத்தைத் தேடி பல வருடங்களைச் செலவழித்தவரின் பெயரில். அந்த ஆராய்ச்சி நூல் 1947இல் வெளிவந்தது, அதே வருடம் அவர் போய்விட்டார். இதைச் சொன்னால் பெற்றோருக்கு வேறு மாதிரி விளங்குகிறது, அதனால் பெரும்பாலும் சொல்வதில்லை. காசு வருமா என்று கேட்டால்: எனக்கு ஆசிரியர் சம்பளம் இருந்தது, மனைவிக்கு வயல் இருந்தது. படம் விற்ற காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன், இரண்டாம் கை.

பாடும் மீனை வரைவீர்களா?

மாட்டேன். எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள். இந்த ஊரில் எல்லாச் சுவரிலும் அது இருக்கிறது, பாதியில் உதட்டுச் சாயத்தோடு.

இப்போது என்ன வரைகிறீர்கள்?

பாதை. சின்ன வயதில் ஏறிய அந்த மிதவை. தொடங்கி இரண்டு மாதம், நடுவில் நிற்கிறது. கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம் மட்டும் இருந்ததா, இரண்டு பக்கமுமா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில். என் அக்கா கம்பியே இல்லை, கயிறுதான் என்கிறா. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவில் பாதை ஓடுகிறது, நாளைக்குப் போகிறேன். விடிய ஏழு மணிக்கு முதல் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிற நேரம், எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பார்க்கலாம்.